கடலெண்ணெய்க் கேன்

எங்கூட்டுக்காரரு பேரு சென்னிமலை. அவருக்குக் காலு ஒரு எடத்துல நிக்காதுங்க. மோகனூர் சுத்துப்பட்டுல யாரு தோப்புல புல்லு மண்டிக் கெடந்தாலும், புல்லு வெட்டற மிசினைத் தோள்ல மாட்டிக்கிட்டுக் கெளம்பிருவாரு. பின்னாலயே கூட்டி அள்ள நானு. மிசினுக்குப் பெட்ரோல் வேணும். அவரு வாயில அது பெட்ரோல் இல்லீங்க, 'எண்ணெய்'. லாரில கிளீனரா போன காலத்துல ஒட்டுன பேச்சு.

அதை வாங்கியாந்து வெக்கற எடம் எங்க தெரியுமுங்களா? அடுப்படி மேடைக்குக் கீழ. ஒரு வாரம் கூல்ட்ரிங்க்ஸ் பாட்டில்ல இருக்கும், மறு வாரம் தண்ணிக் கேன்ல இருக்கும். "மூடி இறுக்கமா இருக்கற டின்னு ஒண்ணு வாங்கி, வெளிய கொட்டாய்ல வைங்க"ன்னு தலைபாடா அடிச்சுக்குவேன். "வெளிய வெச்சா எவனாவது தூக்கிட்டுப் போயிருவான், போ"ம்பாரு. வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத்தான் நான் தெனமும் அடுப்புப் பத்த வெக்கறது.

போன மாசம் ஒரு தென்னந்தோப்புல வேலை. அவருக்குப் போன் வந்துது. மிசினை அணைக்காமயே காதுல வெச்சாரு. "மேடைக்குக் கீழ, கடலெண்ணெய்க் கேன்ல இருக்குது கண்ணு"ன்னு கத்திட்டு வெச்சுட்டாரு.

"யாருங்க?"

"நம்ம கனிஷ்காதான். எண்ணெய் எங்கப்பான்னு கேட்டா. நம்மளாட்டம் புல்லு வெட்டற காத்தான், அவன் மிசினுக்கு வாங்க வந்திருப்பான். கடலை எண்ணெய் தீந்து போன கேன் கெடந்துது, நேத்துத்தான் அதுல மாத்தி ஊத்துனேன்."

நான் கூட்டறதை நிறுத்துனேன். "ஏனுங்க, மத்தியானத்துக்கு வடகம் பொரிச்சு வெய்யின்னு நாந்தானே அவகிட்டச் சொல்லீட்டு வந்தேன்."

மனுசன் மிசினைக் கீழ போட்டாரு. திருப்பித் திருப்பிக் கூப்புட்டும் அவ போனை எடுக்கல. வண்டியை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் பறந்தோம். எங்க வீதி திரும்பற வரைக்கும் நான் பொகை தெரியுதான்னுதான் பாத்துட்டு வந்தேன்.

அடுப்புல வடச்சட்டி. அதுல பாதிக்குப் பெட்ரோல். லைட்டர் கெட்டுப் போச்சுன்னு எம்புள்ள தீப்பெட்டியைத் தேடி எடுத்து, குச்சியை உருவிட்டு நிக்கறா. அவரு பாஞ்சு புடுங்கி வெளிய வீசிட்டு, அவளை வாசலுக்கு இழுத்துட்டு வந்தாரு.

"அது பெட்ரோலு சாமி. வாசம் கூடவா உனக்குத் தெரியல?"

அவளுக்கு ஒண்ணும் புரியல. அப்பன் மூஞ்சியையே பாத்தா.

"நம்மூட்ல என்னைக்குப்பா இந்த வாசம் அடிக்காம இருந்துது?"