துரைக்கு நேர்ந்த முடி

விஜயபாண்டி இரண்டாவது கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகும்போது தோட்டத்தில் துரை குரைக்க ஆரம்பித்துவிட்டது. அவ்வளவுதான், கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

"ஒங்க தொரை கூப்புடுறாக, போங்க போங்க. நான் கூப்புட்டா மட்டும் காது அடைச்சுப்போகும்" என்றாள் மனைவி முத்துப்பேச்சி.

மக்காச்சோளப் புஞ்சை ஓரத்து வேப்பமரத்தில் மயில் உட்கார்ந்திருந்தது. கீழே துரை சுருட்டை வாலை மெல்ல ஆட்டியபடி, மூச்சுவிட நேரமில்லாமல் குரைத்துக்கொண்டிருந்தது. விஜயபாண்டி அண்ணாந்து பார்த்து, "பாத்துட்டேன்யா, மயிலுதான்" என்றார். சத்தம் நின்றது. மயில் மட்டும் போகவில்லை.

துரை ஃபின்லாந்து நாட்டு ஸ்பிட்ஸ் இன நாய். நரி நிறம், நரி மூஞ்சி, விறைத்த காது. மதுரை இன்ஜினியர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, குரைப்புத் தாங்காமல் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்ததும் இவர் தலையில் கட்டிவிட்டார். மயிலை விரட்டும் என்று நம்பி விஜயபாண்டியும் வாங்கிவந்தார், பாவம். விரட்டுவது இந்த இனத்தின் வேலையே இல்லையே! அங்கே பனிக்காட்டில், மரத்தில் இருக்கும் பறவை தன்னையே வேடிக்கை பார்க்கும்படி குரைத்துக்கொண்டே நிற்கும்; வேட்டைக்காரன் சாவகாசமாக வந்து சுடுவான். குரைப்புக்கென்றே போட்டி வைக்கிற தேசம் அது. இங்கே திருச்சுழிப் பக்கம் மயிலைச் சுட்டால் ஜெயில். ஆகவே துரை கூப்பிடும், இவர் போய்ப் பார்ப்பார், மயில் இருவரையும் பார்க்கும். இவர் போகாவிட்டால் துரைக்கு ரோசம் வந்து அன்றைக்குச் சோறு தின்னாது.

"நாம செஞ்ச வேலைய ஒருத்தன் வந்து பாக்கலேன்னா நமக்குக் கோவம் வராதா?" என்று அதற்காக வக்காலத்து வாங்குவார்.

வெயில் ஏறினால் துரைக்கு ஈரச்சாக்கு, சாயங்காலம் சீப்பு. வருசத்தில் இரண்டு தடவை உள்முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து, வீடே பஞ்சு மில் மாதிரி ஆகிவிடும். பொறுமையாக வாரி எடுப்பார். தன் மக்களுக்கு அவர் ஒருநாளும் தலை வாரியதில்லை என்பது முத்துப்பேச்சியின் தீராத குறை.

ஆனால் மாசியில் உண்ணிக் காய்ச்சல் வந்து துரை படுத்தபோது, அழுதது அவள்தான். மயில் முற்றத்துக்கே வந்து மேய்ந்தும் அது வாய் திறக்கவில்லை. "இருக்கன்குடித் தாயே, இவுகளப் பொழைக்க வையி, முடி எறக்குறேன்" என்று மஞ்சத்துணியில் காசு முடிந்துவிட்டாள். துரை பிழைத்துக்கொண்டது. வந்தது வினை: நேர்ந்தபடி அதற்கு மொட்டை போட வேண்டுமே!

கால்நடை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வெயிலைத் தடுக்கிறதே அந்த முடிதான், வழித்தால் தோல் வெந்துபோகும், மறுபடி ஒழுங்காக முளைக்கிறதும் சந்தேகம்.

"டாக்டரே சொல்லுறாகல்ல?" என்றார் விஜயபாண்டி.

"காப்பாத்துனது எந்த டாக்டரு? ஆத்தாகிட்ட வெளையாடாதீக."

விஜயபாண்டிக்கு டாக்டர் பேச்சுக்கும் பயம், ஆத்தாளுக்கும் பயம். சித்திரை வெயிலில் துரையை வெறுந்தோலோடு அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒருநாள் மூவரும் ஆட்டோ பிடித்து இருக்கன்குடிக் கோயிலுக்குப் போனார்கள்.

ஆற்றோரத்துக் கொட்டகையில் நாவிதர் கத்தியில் பிளேடு மாட்டினார். விஜயபாண்டி ஒரு மஞ்சள் பையை நீட்டினார். உள்ளே துரையின் உதிர்ந்த முடி, ஒரு தலையணைக்குக் காணும்.

"முடி எறக்குறேன்னுதான நேந்த? மொட்டைன்னா நேந்த? இதுதான் தானா எறக்கிருச்சே!"

"உதுந்ததும் எறக்குனதும் ஒண்ணா? ஆத்தாளுக்குக் குப்பையவா குடுப்பீக?" முத்துப்பேச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "நாளைக்கு அதுக்கு ஒண்ணுன்னா நான் தாங்க மாட்டேங்க."

விஜயபாண்டி சட்டையைக் கழற்றி அவள் தோளில் போட்டார். நாய்ச் சங்கிலியை அவள் கையில் கொடுத்தார். நாவிதர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயய்யோ! புதன்கெழம மகளுக்கு நிச்சயம்! நேத்துத்தான டை அடிச்சீக!"

"எனக்கு மொளைக்கும் பேச்சி. அதுக்கு மொளைக்காது."

அவள் முந்தானையை விரித்துத் துரைக்கு நிழல் காட்டினாள். நாவிதர் தண்ணீரைத் தொட்டபடி, "யாரு பேருக்கு எடுக்கணும்?" என்று கேட்டார்.

"தொரை பேருக்கு."

அவர் பேரே அதுதான் என்று நாவிதர் நினைத்துக்கொண்டார். "தொரை, தலையக் குனிங்கய்யா."

விஜயபாண்டி குனிந்தார்.