புருலியாவில் கரடி பார்த்த காலை: பள்ளத்திலிருந்து மரம்வரை ஐம்பத்திரண்டு எட்டு

அன்று காலை அந்த இடத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், ஆவுடைநாயகி, வயது எழுபத்தொன்று. என் மகள் கோமதி. அவள் பெண் ஷ்ரேயா, பன்னிரண்டு வயது. மாப்பிள்ளை. எங்களைக் கூட்டிப்போன பாப்பாய். முப்பத்தைந்து வயது ஆம்பிளைதான், வங்காளிகள் வீட்டுப்பேர் அப்படித்தான் வைப்பார்கள். வழிகாட்டி லக்கிராம், அந்தக் காட்டூர்க்காரர். ஒரு தாய்க்கரடி, அதன் முதுகில் ஒரு குட்டி. அப்புறம், வரமாட்டாள் என்று எங்களிடம் சொல்லப்பட்ட புத்னி.

யாரையும் விடவில்லை. எனக்கு மறதி கிடையாது. கோமதி பிறந்த வருஷம் பாலில் தண்ணீர் ஊற்றிய பால்காரர் இன்றைக்கும் நாங்கள் குடியிருக்கும் லேக் கார்டன்ஸில் எதிரே வந்தால் நான் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவேன். படிப்பு ஐந்தாம் கிளாஸ்தான். ஒற்றை விரலால் போனில் தட்டுகிறேன். எழுத்தில் பிழை இருக்கும், சொல்வதில் இருக்காது.

போனது சென்ற பங்குனியில், மார்ச் கடைசி வாரம். இலுப்பைப்பூ உதிரும் காலம் அது. அதைத் தின்னக் கரடி இறங்கிவரும். மாப்பிள்ளைக்குப் போட்டோப் பைத்தியம். இதே பாப்பாயோடு இரண்டு தடவை போய்க் கரடி பார்க்காமல் திரும்பியிருந்தார். மூன்றாம் தடவை குடும்பத்தோடு. நான் வீட்டில் இருக்கிறேன் என்றுதான் சொன்னேன். ஷ்ரேயா விடவில்லை.

லேக் கார்டன்ஸிலிருந்து விடிகாலை 4:50க்கு டாக்ஸி, சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்கு 460 ரூபாய். காலை 6:25 வண்டி. ஏசி நாற்காலி ஆளுக்கு 570. புருலியாவில் இறங்கும்போது மணி 12:35. இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவி எடுத்துப்போயிருந்தேன், வண்டிச் சாப்பாட்டை நம்ப வேண்டாம். பாப்பாய் ஜீப்போடு நின்றான். அங்கிருந்து மலைப்பக்கம் 42 கிலோமீட்டர், ஒன்றேமுக்கால் மணி நேரம். வழியெல்லாம் புரசு பூத்து, மரம் தீப்பிடித்த மாதிரி இருக்கும். தங்கல், சாப்பாடு, ஜீப், வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,800. ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் போவீர்கள்.

புருலியா கடைத்தெருவில் பாப்பாய் ஜீப்பை நிறுத்தினான்.

"மாஷிமா, ராத்திரிக்குப் பாயேஷ் வைக்கணும். நல்ல வெல்லமா பார்த்து எடுத்துக் கொடுங்களேன். உங்க மூக்குக்கு யாரும் ஈடில்லைன்னு தாதா சொன்னாரு."

பாயேஷ் நம் பாயசம்தான். மாஷிமா என்றால் பெரியம்மா மாதிரி, தாதா என்றால் அண்ணன். தாதா என்று அவன் சொன்னது மாப்பிள்ளையை. எனக்குக் கொஞ்சம் பெருமைதான். கடைக்காரன் முன்னால் அடுக்கியிருந்ததைக் கிள்ளி நாக்கில் வைத்தேன், உப்புக் கரித்தது. "உள்ளே வச்சிருக்கிறதை எடு" என்றேன். முறைத்துக்கொண்டே எடுத்தான். ஈச்ச வெல்லம், பருவத்தின் கடைசிச் சரக்கு, உடைத்தால் அடுப்புப்புகை மணக்கும். நாலு கிலோ. ஆறு பேர் பாயசத்துக்கு நாலு கிலோ எதற்கென்று கேட்டேன். "நாளைக்கும் ஆகும் மாஷிமா" என்றான்.

சாயங்காலம் நாலு மணிக்கு லக்கிராம் வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் கோடாலி. வாசனை சோப்பு கூடாது, பேசக் கூடாது, கரடி நிமிர்ந்து நின்றால் பயப்படக் கூடாது, அதற்குக் கண் மட்டம், நம்மை இன்னதென்று பார்க்கத்தான் நிற்கும். ஓடினால்தான் ஆபத்து என்றார். காட்டுக்குள் போகும்போது இலுப்பை மரங்களைக் காட்டினார். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வீடு உண்டாம். அந்த வீட்டார் அடியைப் பெருக்கி, சருகைக் கொளுத்தி வைப்பார்கள். விடியுமுன் வந்து பொறுக்குவார்கள். ஓடைப் பள்ளத்துக்கு மேலே தனியாக ஒரு பெரிய மரம். எதிரே ஏறி உட்கார வாகான பாறை.

"பார்க்க நல்ல இடமா இருக்கே?" என்றார் மாப்பிள்ளை.

"அது புத்னியோட மரம். அஞ்சு மணிக்கு வந்துடுவா. அவ பொறுக்கி முடிச்ச பிறகுதான் இந்தப் பக்கம் ஆளைக் கூட்டிட்டு வருவோம். இது எங்க ஊர்க் கட்டு."

அன்று மாலை ஆறேகால்வரை வேறொரு பாறையில் உட்கார்ந்தோம். ஒரு மயில், நாலைந்து காட்டுக்கோழி, தூரத்தில் ஒரு நரி. கரடி இல்லை. திரும்பி வந்ததும் மாப்பிள்ளை கேமராவைக் கட்டிலில் போட்டார்.

"மூணாவது தடவை, பாப்பாய். ஊருக்குப் போய் உன் நெட் பக்கத்தில் எழுதுறேன். கரடி படத்தைப் போட்டுக் கரடியே காட்டாத ஆளுன்னு எழுதுறேன்."

"நாளைக்குக் காலையில் நிச்சயம், தாதா" என்றான் பாப்பாய். அவன் முகம் வேர்த்திருந்தது.

சாப்பாட்டுக்குப் பாயேஷ் வந்தது. வெள்ளைவெளேரென்று இருந்தது. சீனிப் பாயசம். ஈச்ச வெல்லம் போட்டால் செம்மண் நிறம் வரும்.

"பாப்பாய், என் வெல்லம் எங்கே?"

"நாளைக்கு, மாஷிமா." சிரித்தான். மாப்பிள்ளையும் சிரித்தார். "அத்தை, போலீஸ் விசாரணையா?" கோமதி என் காலை இடித்தாள். நான் அதோடு விட்டேன். கேட்டிருக்க வேண்டும். அது என் பங்கு, அதை நான் யார் தலையிலும் கட்டப்போவதில்லை.

மறுநாள் 4:10க்கு எழுப்பினார்கள். 4:35க்கு ஜீப், மூன்று கிலோமீட்டர், பிறகு கொஞ்சம் நடை. ஷ்ரேயாவுக்கு வெறும் வயிறு ஆகாதென்று தூக்குச்சட்டியில் பொரியும் வாழைப்பழமும் வைத்திருந்தேன். பாப்பாய் நேரே பள்ளத்துப் பாறைக்குப் போனான். லக்கிராம் நின்றுவிட்டார்.

"இது புத்னி வர்ற நேரம்."

"இன்னைக்கு வரமாட்டா. நேத்தே சொல்லிட்டேன்" என்றான் பாப்பாய்.

"ஒத்துக்கிட்டாளா? புத்னியா?"

"ஒத்துக்கிட்டா."

லக்கிராம் நம்பினார். பொய்யென்று நினைக்க அவருக்குக் காரணமில்லை. எங்களைப் பாறைமேல் ஏற்றிவிட்டு, வழக்கப்படி பின்பக்கம் காட்டைப் பார்த்துக் காவலுக்கு நின்றார். மரம் எங்களுக்கு முன்னால் எண்பது எட்டு வைக்கும் தூரம். இடதுபக்கம் பள்ளம், ஊரிலிருந்து வரும் ஒற்றையடிப்பாதை அதில் இறங்கி ஏறும்.

வெளுக்கத் தொடங்கியது. மரத்துப் பக்கமிருந்து காற்று வந்தது. இலுப்பைப்பூ வாசம் புளித்த வாசம், தெரியும். அதற்கு நடுவே இன்னொன்று. அடுப்புப்புகை ஏறிய வாசம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். இந்தப் பாவி இலுப்பைப்பூ கொட்டிக்கிடக்கிற இடத்தில் கொண்டுபோய் வெல்லத்தை வைத்திருக்கிறான். நான் முகர்ந்து, உடைத்து, பொறுக்கியெடுத்த வெல்லம்.

பாப்பாயைத் திரும்பிப் பார்த்தேன். அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை.

அப்போது கரடி வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அழகுதான். கறுப்புக் கம்பளி நடந்துவருவது மாதிரி. முதுகு மயிரைப் பிடித்துக்கொண்டு குட்டி. மரத்தடியில் உட்கார்ந்து மண்ணை நக்க ஆரம்பித்தது. உறிஞ்சுகிற சத்தம் பாறைவரை கேட்டது. பூவை மட்டும் தின்ன வந்த கரடி பொறுக்கிக்கொண்டே நகருமாம். இது நகரவில்லை. ஷ்ரேயா என் புடவையை இறுக்கிப் பிடித்தாள். கேமரா டிக் டிக்கென்றது; பிறகு மாப்பிள்ளை அதைப் பாறைமேல் நிறுத்தி வீடியோ ஓடவிட்டார்.

எல்லோரும் கரடியைப் பார்த்தார்கள். நான் பள்ளத்தைப் பார்த்தேன். ஒரு கூடை மேலே வந்தது. கூடைக்குக் கீழே ஒரு தலை. கையில் துடைப்பம். குனிந்த தலையோடு ஒருத்தி ஏறிவந்தாள். அவளுக்கும் மரத்துக்கும் நடுவே நெஞ்சுயரப் புற்று ஒன்று. கரடி அவளுக்குத் தெரியாது.

கத்த வாயைத் திறந்தேன்.

ஒரு கை என் வாயைப் பொத்தியது. இன்னொரு கை என் பின்னந்தலையை அழுத்தியது.

"அத்தை, ரெண்டே நிமிஷம். குட்டி இறங்குது. ஷ்ஷ்."

பதினாலு வருஷத்தில் மாப்பிள்ளையின் விரல்கூட என்மேல் பட்டதில்லை. தட்டை வாங்கும்போதுகூட எட்ட நின்று வாங்குவார். அந்த உள்ளங்கையில் கேமராத் தோல்பட்டை நாற்றம். நான் கையை நீட்டிப் பள்ளத்தைக் காட்டினேன். அவர் பார்த்தார். அவர் கண் புத்னிமேல் போய், திரும்பிக் கரடிக்கு வந்ததை நான் பார்த்தேன். கையை எடுக்கவில்லை. மனதுக்குள் எண்ணினேன். பதினைந்து எண்ணினபோது என் கால் தூக்குச்சட்டியில் பட்டது. உதைத்தேன்.

சட்டி பாறையில் மோதி மோதி, கணகணவென்று உருண்டு விழுந்தது. கரடி நிமிர்ந்தது. புத்னியும் நிமிர்ந்தாள். புற்றைத் தாண்டி இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. கரடி ஒரு உறுமல் விட்டுப் பாய்ந்தது. அவள் கூடையை முகத்துக்கு நேரே பிடித்தாள், அதனால்தான் இன்று அவளுக்கு இரண்டு கண்ணும் இருக்கிறது. லக்கிராம் பாறையைச் சுற்றி ஓடிவந்து கோடாலியின் மொண்ணைப் பக்கத்தால் மரத்தையும் மண்ணையும் அடித்துக் கத்தினார். பாப்பாயும் கத்திக்கொண்டு ஓடினான், அதையும் சொல்லவேண்டும். பாதி இறங்கியிருந்த குட்டி கீழே விழுந்து கீச்சென்றது. கரடி புத்னியை விட்டுவிட்டுக் குட்டியிடம் போனது. அப்புறம் இரண்டும் காட்டுக்குள்.

ஆஸ்பத்திரிக்கு 38 கிலோமீட்டர். பாப்பாய் ஐம்பது நிமிஷத்தில் ஓட்டினான். புத்னியின் தலை என் மடியில். உச்சந்தலையில் தோல் கிழிந்து, இடது கை முழங்கைக்குக் கீழே பிய்ந்திருந்தது. என் புடவைத் தலைப்பால் கட்டியிருந்தேன். வழியெல்லாம் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "பூ வாடிடும். யாராவது பொறுக்கச் சொல்லு."

மாப்பிள்ளை முன்சீட்டில் உட்கார்ந்து கேமராவைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். "அத்தை அந்தச் சட்டியை உருட்டாம இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அந்தச் சொல் என்னைத் தின்றது. ஒருவேளை உண்மையோ? இரண்டு மாதம் கழித்து, மே கடைசியில், ஷ்ரேயாவுக்குப் பள்ளி லீவில், கோமதியையும் அவளையும் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். லக்கிராமிடம் அந்த இடத்தை எட்டுப்போட்டு அளக்கச் சொன்னேன். நான் வாயைத் திறந்தபோது புத்னி பள்ளத்து விளிம்பில். அங்கிருந்து மரம் ஐம்பத்திரண்டு எட்டு. சட்டி விழுந்தபோது அவள் நின்ற இடத்தில் துடைப்பம் இன்னும் கிடந்தது. அங்கிருந்து முப்பது எட்டு.

"ஐம்பத்திரண்டில் கத்தியிருந்தா?" என்றேன்.

லக்கிராம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஒரே எட்டில் பள்ளத்துக்குள்ள இறங்கியிருப்பா, மாஷிமா. குட்டியை வச்சுக்கிட்டு அது அவ்வளவு தூரம் துரத்தாது. முப்பதுக்குள்ள போனா அதுக்கு வேற வழி இல்லை."

"சட்டி விழாம இருந்திருந்தா?"

"புற்றைத் தாண்டினதும் நேருக்கு நேரா மோதியிருப்பா."

புத்னி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். இடது கை விரல்கள் மடங்கவில்லை. அவளிடம் யாரும் வரவேண்டாமென்று சொல்லவேயில்லை. "எப்பவும் தகரத்தைத் தட்டிக்கிட்டுத்தான் வருவேன். அன்னைக்கு வழியில ஜீப் நின்னுது. ஜனம் இருக்கு, கரடி இருக்காதுன்னு தட்டலை" என்றாள். அப்புறம் உள்ளே கைகாட்டினாள். என் தூக்குச்சட்டி, நெளிந்துபோய், அவள் அடுப்போரம். "திருப்பித் தரமாட்டேன்."

"வச்சுக்கோ" என்றேன்.

"ஒண்ணு கேக்கணும், மாஷிமா. கரடி பூ தின்ன வருது. நீங்கல்லாம் எதைத் தின்ன வரீங்க?"

கோமதி அழுதாள்.

பாப்பாய் அந்தத் தொழிலை விட்டுவிட்டான். லேக் கார்டன்ஸ் வந்து என் காலில் விழுந்தான். காபி கொடுத்தேன், என் கணக்கில் அது பாதி மன்னிப்பு. மீதியைப் புத்னி கொடுக்கட்டும், மாசாமாசம் அவள் வீட்டுக்குப் போய்வருகிறான்.

இதையெல்லாம் நான் எழுதியிருக்க மாட்டேன். "எழுதாதே அம்மா, நான் அவரோட இருக்கணும்" என்று கோமதி கெஞ்சினாள். ஆனால் மாப்பிள்ளை அந்த வீடியோவை ஊரெல்லாம் பார்க்கப் போட்டுவிட்டார். குட்டி இறங்குவதோடு அது முடிகிறது. அதற்குக் கீழே நம் தமிழ் ஆட்களே கேட்கிறார்கள்: எப்படிப் போவது, எவ்வளவு ஆகும், நிச்சயம் தெரியுமா? உங்களுக்காகத்தான் இது.

போவதென்றால் போங்கள். உள்ளூர்க்காரர் வழிகாட்டியாக இருந்தால் மட்டும் போங்கள்; கூட்டிப்போகிறவன் சொல்வதும் அவர் சொல்வதும் வேறாக இருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள். நிச்சயம் காட்டுகிறேன் என்றால் எப்படியென்று கேளுங்கள். அந்தப் பாதையில் காலையில் யார் வருவார்கள், எத்தனை மணிக்கு, அவர்களிடம் யார் சொன்னது என்று கேளுங்கள். பங்குனியில் காலை ஏழுக்குமுன் இலுப்பை மரத்தடிக்குப் போகவே வேண்டாம், அது பூப் பொறுக்குகிறவர்கள் நேரம். கரடி தெரியாவிட்டால் மயிலைப் பார்த்துவிட்டு வாருங்கள். பாயசம் வெள்ளையாக இருந்தால் அங்கேயே சண்டை போடுங்கள். நான் போடவில்லை.

கோமதியைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மாப்பிள்ளை என்று சொன்னேனே தவிர, அவர் பேர் என் வாயில் வந்ததில்லை. எங்கள் பக்கம் மாமியார் சொல்லும் வழக்கமில்லை. அந்த மரியாதையைப் பதினைந்து எண்ணும் நேரம் என் வாயைப் பொத்தியே அவர் தீர்த்துவிட்டார். பால்காரரைக்கூட ஒருநாள் மன்னிப்பேன். மன்னிக்க முடியாத ஆளின் பேர் சிவசங்கரன்.