மாமன் சீருக்கு விடுப்பு

"சம்மதமா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க" என்று இன்னாசிமேரி பேனாவைத் திறந்தாள்.

புஷ்பவள்ளி சிரித்தாள். "என்னா மேடம் இப்பிடிக் கேக்கறீங்க? தாய்மாமன் இல்லாம மஞ்சத்தண்ணி ஊத்துனா ஊரு காறித் துப்பாதா?"

குமராட்சிக்குப் பக்கத்து ஊர். வெள்ளம் வடிந்த ஈரம் இன்னும் சுவரில் காயவில்லை. புஷ்பவள்ளியின் தம்பி பழனிவேல் கடலூர் ஜெயிலில் இருந்தான். அடுத்த தெருச் சிறுமியைக் கெடுத்த வழக்கு. அக்கா மகள் சடங்குக்கு விடுப்பு கேட்டிருந்தான். அனுப்பலாமா என்று விசாரித்து எழுதவேண்டியவள் நன்னடத்தை அலுவலர் இன்னாசிமேரி.

மனுப் போடச் சொன்னதே அவள்தான். இந்த வகைக் கைதிகளை வாரம் ஒருமுறை வட்டமாக உட்காரவைத்துப் பேசவைப்பாள். "மேரி நாயிங்களுக்கு ஞானஸ்நானம் குடுக்குது" என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். அந்த நாளில் குளித்த பிறகே பிள்ளைகளைத் தொடவேண்டும் என்றான் கணவன் மரிய ஜோசப். அவள் விடவில்லை. வட்டத்தில் முதலில் வாய் திறந்தவன் பழனிவேல். "ஒரே ஒருவாட்டி மேடம். புத்தி கெட்டுப்போச்சு" என்று தேம்பினான். அவளுக்கும் கண் கலங்கியது.

புஷ்பவள்ளி டீ போடப் போனாள். மகள் வெண்மதி கதவோரம் வந்து நின்றாள்.

"மாமாகூட போலீஸ் வருமா?"

"வராதும்மா. வேணாம்னு நான்தான் எழுதப்போறேன்."

"வரச்சொல்லி எழுதுங்க. ராத்திரியும் போலீஸ் இங்கியே இருக்கட்டும்."

"ஏன்?"

"அம்மா நடவுக்குப் போனதும் கதவ சாத்துவாரு. அப்ப நான் மூணாவது. அந்தப் பொண்ணு கத்துச்சு. நான் கத்தல."

இன்னாசிமேரி பேனாவை மூடினாள். டம்ளரோடு வந்த புஷ்பவள்ளியிடம் கேட்டாள். "இது உங்களுக்குத் தெரியுமா?"

புஷ்பவள்ளி மகளை ஒருமுறை பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கட்டிக்கிற மொறதான மேடம். எப்பிடியும் அவனுக்குத்தான்னு இருந்தேன்."

"பச்சப்புள்ளம்மா அது."

"டீ ஆறிப்போவுது."

மறுநாள் காலை இன்னாசிமேரி சிதம்பரம் மகளிர் காவல் நிலையத்துக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்தாள். பிறகு பஸ் பிடித்துக் கடலூர் வந்து, விடுப்புக்குப் பரிந்துரை இல்லை என்று அறிக்கையைத் தட்டச்சுக்குக் கொடுத்தாள். மதியம் ஜெயிலில் அந்த வாராந்திர வட்ட வகுப்பு இருந்தது. பழனிவேல் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தான். புதிதாக வந்த கைதி ஒருவனுக்கு, பயப்படாமல் எல்லாவற்றையும் பேசிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் வருகைப் பதிவு எடுத்தாள். வகுப்பு நடந்தது.