டேப்பில் இல்லாத சொல்

ஓரிடத்தில் உட்கார அவளுக்கு வராது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா திட்டுவாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: ஆவணக் காப்பகத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பழைய ஜனாதிபதி ஒருவர் நிருபர்களோடு பேசிய டேப்புகளைக் கேட்டுக் கேட்டு டைப் அடிப்பது. கை வேலை பார்க்கும், கால் மேஜைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்து சீட்டுக்காரருக்கு அதனால் கையெழுத்தே கோணிப்போனது.

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் என்றாலே அவளுக்கு வேப்பங்காய். இங்கே வந்துதான் கற்றுக்கொண்டாள். "நல்ல கேள்வி" என்று ஜனாதிபதி ஆரம்பித்தால் பதில் வராது. நிருபரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தால் அந்த ஆள் பாடு திண்டாட்டம். தொண்டையைச் செருமினால் எங்கேயோ யாருக்கோ வேலை போகப்போகிறது. இதையெல்லாம் எந்தப் பாடப்புத்தகம் சொல்லிக்கொடுத்தது?

அன்றைக்கு வந்த டேப்பில் ஒரு பெண் நிருபர் கண்ணாடி ஆலையைப் பற்றிக் கேட்டாள். ஆடிக்கொண்டிருந்த கால் அப்படியே நின்றுவிட்டது.

அது அப்பா வேலை பார்த்த ஆலை. அந்தப் பேட்டியை அவர் ரேடியோவில் நேரடியாகக் கேட்டார். "மூட மாட்டோம்னு சொல்லிட்டார்" என்று தலைகால் புரியாமல் ஓடிவந்தவர், மாமா துறைமுகத்தில் பார்த்து வைத்திருந்த வேலையை அன்றைக்கே வேண்டாம் என்றுவிட்டார். மறுநாள் பேப்பரில் வந்தது: "இப்போதைக்கு மூட மாட்டோம்." அதற்குள் துறைமுகத்தில் வேறு ஆளைப் போட்டாயிற்று. அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஆலைக்குப் பூட்டு விழுந்தது.

அந்த ஒரு சொல் அவர் காதில் விழவில்லை என்று அம்மா முடிவு கட்டினாள். தெரு அவருக்கு 'இப்போதைக்கு' என்றே பேர் வைத்தது. "என்னண்ணே, இப்போதைக்குச் சௌக்கியமா?" என்பார்கள். வீட்டில் யாராவது எதையாவது தப்பாகக் கேட்டால் அதற்குப் பேர் 'அப்பா காது'. அவளும் சொல்லிச் சிரித்தவள்தான்.

டேப்பைப் பின்னால் ஓட்டினாள். "மூட மாட்டோம்மா. எழுதிக்கோங்க." மறுபடி ஓட்டினாள். நாற்காலி கிறீச்சிடுவதுகூடக் கேட்டது. 'இப்போதைக்கு' மட்டும் இல்லை. பேப்பருக்குக் கொடுத்த பிரதியில் எவனோ ஒரு புண்ணியவான் செருகியிருக்கிறான்!

மேலதிகாரி வந்து பார்த்தார். "அச்சுல அந்த வார்த்தை இருக்கேம்மா. சேர்த்துடு."

"டேப்புல இல்லை சார்."

"ஒரு வார்த்தைதானே?"

"ஒரு வார்த்தைதான் சார்" என்றாள். சேர்க்கவில்லை. அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பஸ்ஸில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. சிக்னலில் பஸ் நின்றது பொறுக்காமல் பாதி வழியில் இறங்கி நடந்தாள். இத்தனை வருஷம் கழித்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு மனசு, சொல்லாமல் சோறு இறங்குமா என்று ஒரு மனசு.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து குடைக்கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு நிஜமாகவே காது மந்தம்.

"அப்பா, அந்த டேப்பைக் கேட்டேன்."

"என்ன?"

"ஜனாதிபதி டேப்புப்பா. ஆலை பத்திப் பேசினது."

"எந்த மாலை?"

பொறுமை போயிற்று. காதருகே குனிந்து கத்தினாள்: "இப்போதைக்குன்னு அவர் சொல்லவே இல்லைப்பா! நீங்க கேட்டதுதான் சரி!"

தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். அம்மா கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

அப்பா குடையைக் கீழே வைத்தார். "தெரியும். அப்ப என் காது நல்லாத்தான் இருந்துச்சு. அந்தாள் சொன்னதும் சரியாத்தான் கேட்டுச்சு" என்றார். அம்மாவைப் பார்த்தார், அப்புறம் மகளைப் பார்த்தார். "நீங்க உள்ளே உக்காந்து சிரிச்சதும் கேட்டுச்சு."