சாட்சிக்கு ஒரு சேலை

வெளிநாட்டுப் பயணத்துக்கு நான் பெட்டி அடுக்கும்போது கடைசியாக உள்ளே போவது ஒரு பழைய கைத்தறிச் சேலை. சாம்பல் நிறம், கருநீலக் கரை, முந்தானை ஓரத்தில் இழை போட்டுத் தைத்த ஒரு கிழிசல். அதை நான் ஒருநாளும் உடுத்தியதில்லை. சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்து, அலமாரியில் வேறு துணிகளோடு சேராமல் தனியாக வைத்திருக்கிறேன். பாச்சை உருண்டை, ஊதுவத்தி, பவுடர் எதுவும் அதன் பக்கத்தில் வரக்கூடாது. அதைப் பார்த்த என் தோழி ஒருத்தி, பூஜைச் சேலையா என்று கேட்டாள். இல்லை. அது எங்கள் முதலாளியம்மாவின் சேலை.

கொச்சியில், மட்டாஞ்சேரி பஜாரில், பின்வாசல் காயலைப் பார்த்திருக்கும் ஒரு மிளகுப் பண்டகசாலை அவருடையது. கணவர் இறந்த பிறகு, விற்றுவிட்டுப் போய்விடுவார் என்று பஜாரே எதிர்பார்த்தபோது, மறுவாரமே வந்து கல்லாவில் உட்கார்ந்தவர். தமிழும் மலையாளமும் பேசுவார். வட இந்திய வியாபாரிகளோடு சண்டை போடும் அளவுக்கு இந்தியும் தெரியும். ஆங்கிலம் தெரியாது. நான் பக்கத்துச் சுள்ளிக்கல்லில் ஒரு நகராட்சித் தொழிலாளியின் மகள். பாலிடெக்னிக்கில் வேதியியல் தொழில்நுட்பம் முடித்துவிட்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் அவருடைய பண்டகசாலையில் சேர்ந்தேன். மிளகின் ஈரம், எடை, தூசி, பூஞ்சை: இவற்றைப் பார்ப்பது என் வேலை. முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்து மிளகு புடைக்கும் பெண்களில் பாதிப் பேர் எங்கள் தெருவைச் சேர்ந்தவர்கள். "உத்தியோகக்காரி வந்தாச்சு, மூக்கப் பொத்திக்கங்கடி, மூச்சையும் அளந்துருவா" என்று அவர்கள் கேலி செய்வதைக் கேட்டுக்கொண்டுதான் தினமும் உள்ளே போவேன்.

சில வருஷங்களுக்குப் பிறகு ஒரு சிக்கல் வந்தது. மேற்கு ஜெர்மனிக்குப் போன எங்கள் சரக்கு முழுவதும் மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது என்று வாங்கியவர்கள் சொன்னார்கள். கப்பலில் ஏறியிருக்க வேண்டும் என்றோம் நாங்கள். உங்கள் பண்டகசாலையிலேயே ஏறியிருக்கிறது என்றார்கள் அவர்கள். சரக்கு ஏற்றும்போது இரு தரப்பும் பார்க்க இரண்டு துணிப்பைகளில் சாம்பிள் எடுத்து, இருவரும் அரக்கு முத்திரை வைப்பது வழக்கம். ஒரு பை சரக்கோடு அதே கப்பலில் போய்விட்டது. அதிலும் வாடை இருந்ததில் ஆச்சரியமில்லை. இன்னொன்று எங்களிடம் இருந்தது. அதை நேரில் கொண்டுவந்தால் எல்லாரும் பார்க்கப் பிரிப்போம், வாடை இல்லையென்றால் உங்கள் மேல் குற்றமில்லை என்று பதில் வந்தது. குற்றம் எங்கள் மேல் என்றானால் அந்த நஷ்டத்தைத் தாங்கும் நிலையில் பண்டகசாலை இல்லை. முற்றத்தில் இருந்த பெண்களுக்கும் அது தெரியும். ஆங்கிலத்துக்காக என்னையும் கூட்டிக்கொண்டு முதலாளியம்மா கிளம்பிய அன்று யாரும் கேலி செய்யவில்லை.

மிளகு பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால் அந்தப் பைக்கென்றே ஒரு பெட்டி வாங்கி, புதுப் பெட்டியின் வாடை போகும்வரை நாள்கணக்கில் முற்றத்தில் திறந்து காயவைத்தார் முதலாளியம்மா. பையைச் சுற்றப் புதுத்துணி கூடாது, கஞ்சி வாடை இருக்கும் என்று, தாம் பல வருஷம் உடுத்தி நைந்த சாம்பல் சேலையை வெறும் தண்ணீரில் பலமுறை அலசி எடுத்துவந்தார். பையைக் குழந்தையைச் சுற்றுவதுபோல் அதில் சுற்றினார். ஆகச் சாமான்கள் மூன்று: அவருடைய பெட்டி, என்னுடைய பை, சாம்பிள் பெட்டி. முதல் இரண்டும் வழியில் தொலைந்தாலும் கவலையில்லை என்று எனக்குச் சொல்லப்பட்டது.

பிராங்க்ஃபர்ட்டில் விமானம் இறங்கி, ஹாம்பர்க் போகும் விரைவு ரயிலைப் பிடிக்க வேண்டும். அந்த ரயில் நிலையத்தை இப்போது நினைத்தாலும் என் தலை தானாக அண்ணாந்துவிடுகிறது. கூரை என்று சொல்ல முடியாத உயரத்தில் கண்ணாடியும் இரும்பும். அதன் கீழே அத்தனை ரயில்கள், அத்தனை மனிதர்கள்; ஆனால் கூச்சல் இல்லை. சுமை தூக்கும் சுமட்டுக்காரர் ஒருவரும் கண்ணில் படவில்லை. கோட்டு போட்ட பெரிய மனிதர்கள் தங்கள் பெட்டியைத் தாங்களே தூக்கிக்கொண்டு நடந்தார்கள். முதலாளியம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "நம்ம பஜார்ல ஒரு முதலாளி இப்படித் தூக்கினா யூனியன்காரன் கொடி பிடிச்சிருவான், மோளே" என்றார். பிறகு சாம்பிள் பெட்டியைத் தாமே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

எங்கள் இருக்கைகள் இருந்த ரயில் பெட்டியில்தான் முதல் சிக்கல். அது புகை பிடிப்பவர்களுக்கான பெட்டி. சீட்டு எடுத்துக் கொடுத்தவருக்கு எங்கள் சாமானின் குணம் தெரிய நியாயமில்லை. எதிர் இருக்கைக்காரர் புகைக்குழாயைப் பற்றவைத்ததுமே முதலாளியம்மா எழுந்துவிட்டார். தம் மூக்கை மூடவில்லை. முந்தானையால் சாம்பிள் பெட்டியைத்தான் மூடினார். இருவரும் சாம்பிள் பெட்டியோடு வண்டியின் பின்பக்கமாக நடந்தோம். புகை கூடாத பெட்டிகள் எல்லாம் நிரம்பியிருந்தன. வண்டியின் வால்பக்கத்தில், கம்பளி பின்னிக்கொண்டிருந்த ஒரு வயதான பெண்மணியின் தலைக்கு மேல் இருந்த பலகையில் இடம் இருந்தது. முதலாளியம்மா அந்தப் பெண்மணியிடம் பெட்டியைக் காட்டினார், தம் கண்ணைக் காட்டினார், பிறகு அவருடைய கண்ணைக் காட்டினார். அந்தப் பெண்மணி ஊசியை நிறுத்தாமல் தலையசைத்தார். "இங்க காத்து நல்லா இருக்கு. மிளக எவன் தூக்கிட்டுப் போகப்போறான்?" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாகத் திரும்பி வந்து புகைக்குள் உட்கார்ந்தார்.

ஹனோவரில் வண்டி கொஞ்சம் அதிக நேரம் நின்றது. ஒலிபெருக்கியில் நீளமாக ஏதோ சொன்னார்கள். மெல்லிய ஒரு குலுக்கல். பிறகு கிளம்பியது. சற்று நேரம் கழித்துச் சாம்பிள் பெட்டியைப் பார்த்துவரப் போன முதலாளியம்மா வராததால் நானும் பின்னால் போனேன். நடைவழியின் கடைசிக் கதவருகே அவர் நின்றுகொண்டிருந்தார். கதவுக் கண்ணாடிக்கு அப்பால் அடுத்த பெட்டி இல்லை. தண்டவாளம் மட்டும் எங்களிடமிருந்து பின்வாங்கி ஓடிக்கொண்டிருந்தது.

"மோளே, வண்டிக்கு வாலக் காணலையே" என்றார்.

எங்கள் ஊர் வண்டிகளிலும் வழியில் பெட்டிகளைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டுவது உண்டு. துறைமுக நிலையத்தில் ஏறிப் பழகிய எங்களுக்கு அது தெரியாத விஷயமே இல்லை. ஆனால் புகையை நினைத்த மனசு வேறெதையும் நினைக்கவில்லை. டிக்கெட் பரிசோதகரைத் தேடிப்பிடித்து என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஒரு தாளில் கோடு ஒன்று போட்டு, அதை இரண்டு கிளையாகப் பிரித்து, ஒரு கிளையில் எங்களையும் மற்றொன்றில் எங்கள் பெட்டியையும் வரைந்து காட்டினார். வால்பகுதி பிரேமனுக்குப் போய்விட்டது. அடுத்த நிலையத்தில் வண்டி நிற்பதற்குள்ளேயே இறங்கித் தொலைபேசியை நோக்கி ஓடினார் அந்த மனிதர். திரும்பி வந்து, ஹனோவருக்கே போய்க் காத்திருங்கள், பெட்டி உங்களைத் தேடி வரும் என்றார்.

பெட்டி தேடி வரும் என்பதை நான் நம்பவில்லை. ஹனோவர் நடைமேடையில் அந்த மாலை முழுவதும் என் மனம் நடக்கக்கூடிய விபரீதங்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே இருந்தது. முதலாளியம்மா அழவில்லை; யாரையும் திட்டவில்லை. காகிதக் கோப்பையில் வாங்கிய தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்குப் பேரு சாயாவாம். நம்ம தோப்பும்படி சாயாக்கடைச் சேட்டன் பாத்தா அழுவான்" என்றார். மீதியைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில், "தப்பு என்னோடதுதான். புகை ஏறிடும்னு பயந்தேன். வண்டிய அறுப்பாங்கன்னு நினைக்கல" என்று மட்டும் சொன்னார். அவருடைய கைகள் மடியில் வெறுமையாகக் கிடந்தன. பஜாரில் அந்தக் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

விளக்கு ஏற்றிய பிறகு ஒரு ரயில் வந்து நின்றது. தொப்பி வைத்த ஊழியர் ஒருவர் இறங்கி, எங்கள் பெட்டியை நடைமேடையில் வைத்தார். கைப்பிடியில் ஒரு சீட்டு கட்டியிருந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டவர், இரண்டு கைகளாலும் கம்பளி பின்னுவதுபோல் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார். அந்தப் பெண்மணி தலையசைத்துக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருந்தார். நாங்கள் மொழி தெரியாத இரண்டு பெண்கள். அது ஒரு சாதாரணப் பெட்டி. அதற்காக முன்பின் தெரியாத எத்தனை பேர் தங்கள் வேலையை நிறுத்திப் பேசியிருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள், தூக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே பெட்டியைத் திறந்து சேலையின் ஓரத்தை விலக்கினேன். முத்திரைகளைப் பார்த்தேன்: அரக்கு உடையவில்லை, நூல் தளரவில்லை, முடிச்சு எங்கள் முடிச்சு. மீதிப் பயணம் முழுவதும் முதலாளியம்மா உட்காரவே இல்லை. நடைவழியில் திறந்த ஜன்னலருகே, குளிரில், பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றே வந்தார்.

மறுநாள் காலை ஹாம்பர்க்கில் ஒரு வெள்ளை அறை. நீண்ட மேஜைக்கு அப்பால் மூன்று ஆண்கள். அவர்களில் மூத்தவர் வாசனை பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர். நான் பெட்டியைத் திறக்கப் போனேன். முதலாளியம்மா என் கையைப் பிடித்தார்.

"நேத்து நடந்தத முதல்ல சொல்லு."

"அம்மா, எதுக்கு? முத்திரை அப்படியே இருக்கு. அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"எனக்குத் தெரியும்ல? நான் பாக்காத நேரத்துக்கு நான் எப்படிச் சாட்சி சொல்றது? சொல்லு, மோளே."

சொன்னேன். பண்டகசாலையை என் நாக்காலேயே இடிப்பதுபோல் இருந்தது. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் மரியாதையாகவே சொன்னார்: வழியில் அந்தப் பெட்டி எதன் பக்கத்தில் இருந்தது என்று தெரியாது, வேறொரு வாடை ஏறி மண்ணெண்ணெயை மறைத்திருக்கவும் கூடும், ஆகவே பையைப் பிரித்து என்ன வாடை வந்தாலும், வராவிட்டாலும், இதைச் சரியான சாம்பிளாக எடுத்துக்கொள்வது கடினம். நான் அதைத் தமிழில் சொன்னபோது முதலாளியம்மா, சரி என்பதுபோல் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைப் பார்த்த நொடியில்தான் எனக்கு அது தோன்றியது. பையைச் சுற்றி ஒரு துணி இருக்கிறது. வழியில் எந்த வாடை வந்திருந்தாலும், மிளகைத் தொடுவதற்கு முன் அந்தத் துணியில்தானே அது ஏறியிருக்க வேண்டும்? பரிசோதனைக்கூடத்தில் நாங்கள் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் இரண்டாவது சாம்பிளைப்போல், பழைய பருத்தித் துணி ஒன்று வழி முழுவதும் கூடவே வந்திருக்கிறது.

"அம்மா, உங்க சேலைய மோந்து பாக்கச் சொல்லலாம்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "உடுத்தின சேலைடி அது. இந்த மூணு ஆம்பளைங்களும் மோந்து பாக்கவா?" முகம் சிவந்துவிட்டது. கணவர் இறந்த மறுவாரம் கல்லாவில் உட்கார்ந்தவருக்கு, பஜார் பேசிய பேச்செல்லாம் கேட்டவருக்கு, அந்த ஒரு நிமிஷம் கடினமாக இருந்தது. பிறகு உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது. "என் மாமியார் மேல இருந்து பாத்துட்டு இருந்தா, இன்னொரு தடவ செத்துப்போவா" என்றார். எழுந்தார். முத்திரைப் பையை ஓரமாக எடுத்துவைத்துவிட்டு, சேலையை ஒரு மடிப்பும் மறைக்காமல், கிழிசல் தைத்த முந்தானை உட்பட, அந்த வெள்ளை மேஜை நீளத்துக்கும் விரித்தார். விரித்துவிட்டு நேராக நின்றார்.

நான் ஆங்கிலத்தில் காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மூத்தவருக்குப் புரிந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றிவைத்தார். கோயிலில் குனிவதுபோல் மெதுவாகக் குனிந்து, கண்ணை மூடி, மேஜையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை முகர்ந்துகொண்டே போனார். மற்ற இருவரும் அவர் பின்னால் அதேபோல் குனிந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பஜாரின் முற்றத்தில் மிளகு மூட்டைகள் உரசிய சேலை, அன்னிய தேசத்து வெளிச்சத்தில் ஒரு பத்திரத்தைப்போல் வாசிக்கப்பட்டது. மூத்தவர் நிமிர்ந்து ஒரே ஒரு சொல் சொன்னார். அந்த மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே சொல் அது: மிளகு. புகை இல்லை, எண்ணெய் இல்லை, வேறெதுவும் இல்லை. பிறகுதான் அரக்கை உடைத்தார்கள். பீங்கான் தட்டில் மிளகு உருண்டோடியதும், மழை விட்ட மட்டாஞ்சேரி பஜார் அந்த அறைக்குள் வந்து நின்றது. வாடை எங்களிடம் ஏறியதல்ல என்று அன்று மாலையே எழுதிக் கொடுத்தார்கள். கிளம்பும்போது மூத்தவர் சேலையைத் தாமே மடிக்க முயன்றார். மடிக்கத் தெரியவில்லை. முதலாளியம்மா மறுமுனையைப் பிடித்துக்கொள்ள, இருவரும் சேர்ந்து மடித்தார்கள்.

எனக்குத் தோன்றிய யோசனையால்தான் தப்பித்தோம் என்று முற்றத்துப் பெண்களிடம் முதலாளியம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யோசனை யாருக்கும் வரும். கையில் இருந்த ஒரே பிடிமானத்தைத் தாமே தளர்த்திவிட்டு, அதற்குப் பிறகும் நிமிர்ந்து நிற்க எத்தனை பேரால் முடியும்? பிராங்க்ஃபர்ட்டின் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்த்ததுபோல்தான் அன்று அவரையும் பார்த்தேன்.

இப்போது அவருக்கு முழங்கால் வலி. தூரப் பயணம் முடியாது. சாம்பிள் பெட்டியோடு நான் தனியாகப் போகிறேன். முதல் முறை நான் தனியாகக் கிளம்பியபோது, அடுக்கி முடித்த பெட்டியைத் திறக்கச் சொன்னார். முற்றத்து வெயிலின் சூடு ஆறாத அந்தச் சாம்பல் சேலையைக் கொண்டுவந்து, முத்திரைப் பையைத் தம் கையாலேயே அதில் சுற்றினார்.

"சாட்சியக் கூட்டிட்டுப் போ" என்றார். "வண்டியில ஏறுறதுக்கு முன்னாடி வால் எங்க போகுதுன்னு கேட்டுக்க."

கேட்டுக்கொள்கிறேன். எந்த ஊர் ரயிலானாலும், ஏறுவதற்கு முன் பெட்டியின் பக்கவாட்டில் தொங்கும் பலகையில் அது போய்ச் சேரும் ஊரைப் படித்துவிடுகிறேன். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொள்கிறேன். நான் கண்ணயர்ந்தாலும் பரவாயில்லை. உள்ளே அவர் விழித்திருக்கிறார்.