புது ஸ்பீக்கரும் பக்கத்து வீடும்

ஹோம் தியேட்டரோடு வந்த சின்ன முன்பக்க ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, இடுப்பு உயரத்தில் புதிதாக இரண்டு வாங்கினேன். ஆட்டோவிலிருந்து இறக்கிக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு மீனவர் செல்வம். "கடலுக்குப் போயிட்டு வந்து கேக்குறேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன படகு திரும்பவில்லை. எங்கள் காரைக்கால் தெருவில் சாவு விழுந்தால் எந்த வீட்டிலும் பாட்டு ஓடாது. நானும் ஸ்பீக்கர்களைத் துணி போட்டு மூடிவிட்டேன்.

ஒரு மத்தியானம் செல்வத்தின் மனைவி வள்ளி என் வாசலில் வந்து நின்றாள்.

"ஏண்ணே பாட்டு போடல? அவரு போயிட்டாருன்னு நீங்களே முடிவு கட்டிட்டீங்களா?"

மரியாதை என்று நான் நினைத்தது அவளுக்குச் சாவுச் செய்தியாகக் கேட்டிருக்கிறது.

"போடுங்கண்ணே. நல்லா சத்தமா போடுங்க."

போட்டேன். கல்யாண வீடு மாதிரி தெரு அதிர்ந்தது. யாரும் திட்டவில்லை. அவள் தன் வாசலில் உட்கார்ந்து கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பின் தினமும் போட்டேன்.

ஒருநாள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்தாள்.

"கீழவாஞ்சூர்ல கரை ஒதுங்கிட்டாராம்ணே. பாட்ட நிறுத்திடுங்க."

நிறுத்திவிட்டு அதே துணியை எடுத்து ஸ்பீக்கர்களை மூடினேன். ஒரு வீட்டின் துக்கத்தை அந்த வீட்டுக்கு முன்னால் நாம் தொடங்கிவிடக் கூடாது. இந்தத் தடவை அவள் சொன்ன பிறகுதான் மூடினேன்.