இடுப்பில் ஓர் இடம்

ட்வைலா கார்வர், வீடும் நிலமும் விற்றுக்கொடுப்பவள். ஒக்லஹோமா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், ஊருக்கும் ஊருக்கும் நடுவே மாடு மேயும் வெளிதான் அதிகம். குடியில்லாத பண்ணை வீட்டைக் காட்ட வேண்டுமானால் சாவியை எடுத்துக்கொண்டு தனியாகத்தான் போயாக வேண்டும். வெகுகாலம் அதில் பயப்பட எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதில்லை.

ஒரு மார்ச் மாதப் பிற்பகலில், வீடு பார்க்க வந்த ஒருவன் உள்ளே நுழைந்ததும் கதவைத் தாழிட்டான். "காத்து அடிக்குது" என்றான். அடுப்படியைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரை வேலியோரம் ஓட்டிவந்தார். சத்தம் கேட்டதும் அவனே தாழை விலக்கி, "யோசிச்சுச் சொல்றேன்" என்று கிளம்பிவிட்டான். நடந்தது அவ்வளவுதான். போலீஸில் போய்ச் சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் அன்று தன் வீட்டுக்கு வந்ததும் வாசல் கதவைத் தாழிட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

கணவன் ராய்ஸ் விஷயத்தைக் கேட்டதும் பீரோவைத் திறந்து, சின்னக் கைத்துப்பாக்கி ஒன்றையும் தன்னுடைய தோல் உறையையும் எடுத்து வந்தான்.

"பெல்ட்டுல மாட்டிக்கோ. நான் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து மாட்டுறேன். இருக்கிறதே தெரியாது."

"உனக்கு இடுப்புன்னு ஒண்ணு இருந்தாத்தானே தெரியும்? மேலேயிருந்து கீழ வரைக்கும் ஒரே பலகை!"

சுடுவதற்கு அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைகளும் அப்பனோடு மான் வேட்டைக்குப் போய் வளர்ந்தவர்கள்தான். வைத்துக்கொள்வதுதான் வரவில்லை. வண்டியில் உட்கார்ந்தால் உறை இடுப்பெலும்பில் குத்தியது. துப்பாக்கியின் பிடி சாய்ந்து விலாவில் இடித்தது. வேலைக்குப் போட்டுப்போகும் பாவாடையில் பெல்ட் போட வழியே இல்லை. இரண்டு நாள் பல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு, துப்பாக்கியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ராய்ஸின் தங்கை நெட்டா சிரித்தாள். "கைப்பையிலயா? நீ வண்டிச்சாவி தேடுறதுக்குள்ள எனக்கு ஒரு தூக்கம் முடிஞ்சிருமேடி. வர்றவன்கிட்ட, 'கொஞ்சம் பொறுங்க, லிப்ஸ்டிக்குக்கு அடியில கிடக்கு'ன்னு சொல்வியா?"

ட்வைலாவும் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு சர்ச் விருந்து வரைக்கும்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டிலிருந்து சமைத்து வந்ததை நீள மேசையில் பரப்பியிருந்தார்கள். தட்டில் அவரைக்குழம்பும் வெண்டைக்காய் வறுவலும் வாங்கிக்கொண்டு, கைப்பையை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள் ட்வைலா. மேசைக்கடியிலிருந்து நெட்டாவின் மூன்று வயது மகள் சேஜ் எட்டிப்பார்த்தாள். வாய் அசைந்துகொண்டிருந்தது. கையில் சூயிங்கம் தாள்.

"நானே எடுத்துக்கிட்டேன்" என்றாள் குழந்தை, பெருமையாக.

ட்வைலா குனிந்து பார்த்தாள். ஜிப் திறந்து கிடந்தது. கருப்பாகத் தெரிந்த பிடிமேல் சூயிங்கம் பொட்டலம் சாய்ந்திருந்தது. ஞாயிறுதோறும் அந்தப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, உள்ளே தின்பண்டம் இருக்கும் என்று குழந்தைக்குப் பழக்கியதே அவள்தான். ஜிப்பை இழுத்து மூடி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போனாள்.

மறைத்திருக்கலாம், யாரும் பார்க்கவில்லை. மறைக்க மனம் வரவில்லை. வண்டிகள் நிற்குமிடத்துக்கு நெட்டாவை அழைத்துப்போய் உள்ளதைச் சொன்னாள். நெட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "அந்தப் பையோட என் வீட்டு வாசப்படி மிதிக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரக் கடைசியில் அவளே வந்து வாசலில் ஹாரன் அடித்தாள். "ஏறு. டவுன் கடைக்குப் போவோம். ஒழுங்கா ஒண்ணு வாங்கு. என் பிள்ளைக்காகத்தான் வர்றேன், உனக்காக இல்ல."

துப்பாக்கிக் கடைப் பையன் ரோஸ் நிற உறைகளை எடுத்து அடுக்கினான். "லேடீஸுக்கு இதுதான் மேடம் ரொம்பப் போகுது."

"நான் கலரா கேட்டேன்? உக்காந்தா குத்துமான்னு கேட்டேன். ஒரு நாற்காலி போடு தம்பி" என்றாள் ட்வைலா.

பிளாஸ்டிக்கில் செய்த போலித் துப்பாக்கியை வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், செருப்பு வாரைக் கட்டக் குனிந்தாள். தொடையில் கட்டுவதைப் போட்டு நடந்தபோது, "வாத்து மாதிரி நடக்குற" என்றாள் நெட்டா. மார்க்கச்சையில் மாட்டும் உறையிலிருந்து துப்பாக்கியை உருவும்போது அதன் குழாய் தன் கைக்கு நேராகவே திரும்புவதைப் பார்த்துக் கழற்றிவிட்டாள். இழுபடும் துணிப்பட்டை சுகமாகத்தான் இருந்தது. ஆனால் துணிக்கு வெளியிலிருந்து விரலால் அழுத்தினால் சுடும் விசை அசைந்தது. சேஜின் விரலை நினைத்துக்கொண்டு அதைத் திருப்பி வைத்துவிட்டாள்.

கடைசியில் கிடைத்தது, உள்ளங்கை அகலப் பட்டையில் கெட்டியான கூடு பொருத்தியது. விசையை முழுக்க மூடிக்கொள்ளும். தலைகீழாகக் குனிந்தாலும் நழுவாது. தொப்புளுக்கு மேலே, இடுப்பு ஒடுங்கும் இடத்தில் கட்டினால் உட்காரவும் தோதாக இருந்தது. சட்டையை மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று போட வேண்டும். ஒன்று உடம்பில், இல்லாவிட்டால் பூட்டிய பெட்டியில். மூன்றாவது இடம் கிடையாது என்று அவளே ஒரு சட்டம் வைத்துக்கொண்டாள். வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் ஆபீசுக்கு வந்து முகத்தைக் காட்ட வேண்டும் என்பதையும் அதே வாரம் வழக்கமாக்கினாள். அதை முதலிலேயே செய்திருந்தால் பாதிப் பயம் போயிருக்குமே என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த இலையுதிர்காலத்தில் வெல்டா பிக்ஸ்பி தன் வீட்டை விற்கக் கொடுத்தார். கணவரை இழந்தவர். விலை படிந்துவிட்டது என்று ட்வைலா சொன்னதும் அவளைக் கட்டிக்கொண்டார். மறுநொடி கை இடுப்புப் பட்டையில் தட்டி, அவர் உடம்பு விறைத்தது.

"அது என்னன்னு எனக்குத் தெரியும்" என்றார், விலகி நின்று. "என் வீட்டுக்காரர் ஹார்லனும் அப்படித்தான் வச்சிருந்தாரு. அதாலயே தன்னைச் சுட்டுக்கிட்டுக் கொட்டகையில கிடந்தவரை முதல்ல பார்த்தது நான்தான்."

ட்வைலா சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள். "மன்னிச்சிருங்கம்மா."

"நீ எதுக்கு மன்னிப்புக் கேக்குற? ஒத்தையில ரோடு ரோடா போறவ, வச்சுக்க. இந்த வீட்டுக்குள்ள மட்டும் வேண்டாம்."

ட்வைலா வண்டிக்குப் போனாள். சீட்டுக்கடியில் திருகி வைத்த இரும்புப் பெட்டிக்குள் துப்பாக்கியைப் பட்டையோடு கழற்றி வைத்துப் பூட்டிவிட்டுத் திரும்பினாள். வெல்டா காபி ஊற்றி வைத்திருந்தார். எந்தக் குழாய் ஒழுகும், எந்த ஜன்னலைத் தட்டித்தான் திறக்க வேண்டும், வரப்போகிறவர்களுக்கு என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டை இருந்த இடம் வெறிச்சென்றிருந்தது. மாதக்கணக்கில் இல்லாதபடி முதுகை முழுதாகச் சாய்த்து உட்கார்ந்திருப்பதை ட்வைலா கவனித்தாள். அது பிடித்திருந்தது, பிடித்திருந்ததே கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

புறப்படும்போது வெல்டா இன்னொரு தடவை கட்டிக்கொண்டார். இந்த முறை கையை எடுக்க அவசரப்படவில்லை.

வாசல் கேட்டைத் தாண்டியதும் ட்வைலா வண்டியை ஓரம் கட்டினாள். அடுத்துப் பார்க்க வேண்டியது ஆற்றோரம் பூட்டிக் கிடக்கும் வீடு. பெட்டியைத் திறந்து எடுத்து, பட்டையை இறுக்கிக் கட்டி, அதன்மேல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பினாள்.